போர்வெல் வண்டி, தவளை, பொறாட்டு: ஓர் ஏரிக்கரையில் செய்து பார்த்த ஒலி முயற்சி

ஜெனரேட்டர் நின்றபோது இரவு மணி எட்டு இருபது. ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம். ஏரிக்கரையில் பந்தல் போட்டு, ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை இரண்டு பக்கமும் அடுக்கி, கோயம்புத்தூரிலிருந்து பாடகரையும் கீபோர்டுக்காரரையும் வரவழைத்து நாங்கள் நடத்திய இயற்கைப் பாதுகாப்புப் பாட்டுக் கச்சேரி, டீசல் தீர்ந்து பாதியில் நின்றது. டீசலுக்கு ஒருவன் கொழிஞ்சாம்பாறைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். பந்தலில் கொஞ்ச நேரம் சலசலப்பு. அப்புறம் அதுவும் அடங்கியது.

முதலில் ஒரு தவளை. ஏரியின் மேற்கு ஓரத்திலிருந்து. அடுத்து இன்னொன்று. இரண்டு நாள் முன்பு பெய்த கோடை மழைத் தண்ணீர் ஓரமாகத் தேங்கியிருந்தது, அதில்தான் இருந்திருக்கும். ஐந்து நிமிடத்தில் அந்த ஓரம் முழுக்கக் கத்தத் தொடங்கியது. பந்தலில் ஒருவரும் பேசவில்லை. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் ஆத்தா பக்கத்திலிருந்தவரிடம், "இன்னும் இருக்குதுங்களா இதுகெல்லாம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

டீசல் வந்தது. பாட்டு மறுபடி தொடங்கியது. தவளைச் சத்தம் போனது, கூட்டத்தில் பாதியும் போனது.

அந்த இரவு எங்கே தவறினோம், அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் வேறு விதமாக என்ன செய்து பார்த்தோம், அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை எழுதி வைக்கச் சொல்லி ஊர் வாயனசாலையில் (படிப்பகத்தில்) கேட்டார்கள். அதனால் இந்தப் பதிவு. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் சித்தூர்ப் பக்கம். ஆந்திரச் சித்தூர் இல்லை. கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் தாலூக்கா. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். பஸ் போர்டு மலையாளத்தில் இருக்கும், டிக்கெட் கேட்பது தமிழில் இருக்கும். பாலக்காட்டுக் கணவாயின் காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடம். பனைமரம் அதிகம். கேரளம் என்றாலே மழை என்று நினைப்பவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை எங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள் இளைத்துவிடும். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவில் தர வேண்டும். அந்தத் தண்ணீரை நம்பித்தான் சித்தூர்ப் பகுதியின் வயல்கள் இருக்கின்றன. அதற்குக் கிழக்கே, எங்கள் மாதிரி மேட்டுக்காட்டில், கிணறும் ஏரியும் போர்வெல்லும்தான். நிலத்தடி நீர் கணக்கெடுப்புகளில் சித்தூர் பிளாக் 'மிகையாக உறிஞ்சப்பட்ட' பகுதி என்று இடம்பெற்றது இதனால்தான்.

முதல் கச்சேரிக்கு வருவோம். அதில் எல்லாமே தப்பு என்று சொல்லமாட்டேன், பாடகர் நன்றாகத்தான் பாடினார். ஆனால் மரம் நடுவோம், நீரைக் காப்போம் என்ற வரிகளை அங்கே உட்கார்ந்திருந்த ஒருவரும் மறுத்துப் பேசப் போவதில்லை. மறுக்க முடியாத ஒன்றைக் கேட்டால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம், அவ்வளவுதான். இன்னொன்று, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: வெளியூர்ப் பாடகருக்குப் பணம் கொடுத்தோம், தொடக்கத்தில் அரைமணி நேரம் அடித்த உள்ளூர்த் தப்புக் குழுவுக்குப் பொன்னாடையும் டிபனும் கொடுத்தோம். எந்த விழாவிலும் நடப்பதுதானே என்று அன்றைக்குத் தோன்றியது.

பக்கத்தில் இருந்த உதாரணங்கள்

பாட்டால் ஒன்றும் நடக்காது என்றும் சொல்ல முடியாது. எங்கள் மாவட்டத்திலேயே அமைதிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. குந்திப்புழாவில் அணை கட்டக் கூடாது என்று நடந்த இயக்கத்தில் கவிஞர்கள் முன்னால் நின்றார்கள். மரத்தை வணங்கி மலையாளக் கவிஞர் சுகதகுமாரி எழுதிய கவிதை கூட்டங்களில் தொடக்கப் பாட்டாகவே ஆகிப்போனது. 1962-ல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம், 1980-லிருந்து கலை ஜாதா என்று பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகப் போனது. கடைசியில் அணைத் திட்டம் கைவிடப்பட்டு, 1984 நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சில்வண்டுச் சத்தமே இல்லாததால்தான் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. அது உண்மையோ இல்லையோ, ஒரு காட்டுக்கு அதன் சத்தத்தை வைத்து, இல்லை, சத்தமின்மையை வைத்துப் பெயர் இருக்கிறது என்பதே எனக்குப் பிடித்த விஷயம்.

தமிழில் அண்மைய உதாரணம் எல்லோரும் அறிந்ததுதான். 2017 தொடக்கத்தில் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடிய புறம்போக்குப் பாட்டு. கபேர் வாசுகியின் சொற்கள், கர்நாடக ராகங்கள், பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. 'புறம்போக்கு' என்ற சொல்லைத் திட்டாக மட்டுமே கேட்டு வளர்ந்த பலரை ஊருக்குப் பொதுவான நிலம் என்ற அந்தச் சொல்லின் பழைய பொருளை யோசிக்க வைத்தது.

இவற்றைப் பற்றி வாயனசாலைத் திண்ணையில் பல நாள் பேசினோம். அப்போதுதான் ஒரு வித்தியாசம் பிடிபட்டது. அமைதிப் பள்ளத்தாக்கில் எதிரே ஓர் அணை இருந்தது. எண்ணூரில் சாம்பல் இருந்தது. எங்கள் தாலூக்காவிலேயே பிளாச்சிமடையில் குளிர்பான ஆலையை எதிர்த்து 2002 ஏப்ரல் 22-ல் போராட்டம் தொடங்கியபோது மயிலம்மாவும் மற்றவர்களும் கைநீட்டிக் காட்ட ஒரு கேட் இருந்தது. 2004-ல் ஆலை நின்றது. எங்கள் ஊரில் யாரைக் காட்டுவது? ஏரி வற்றியதற்கும் கிணறு வற்றியதற்கும் ஒரு கம்பெனி காரணம் இல்லை. பாட்டுக் கேட்க வந்து உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவர் தோட்டத்திலும் ஒரு மோட்டார் ஓடுகிறது. என் அப்பா தோட்டத்திலும் ஓடுகிறது. எதிரி பந்தலுக்கு வெளியே இருந்தால் போராட்டப் பாட்டு எடுபடும். பந்தலுக்குள் முதல் வரிசையில் அவரே உட்கார்ந்து தாளம் போட்டால் என்ன பாடுவது?

வேறு வழி ஒன்று இருக்கலாம் என்று தோன்ற வைத்தவை இரண்டு சம்பவங்கள். 1970-ல் திமிங்கில ஆய்வாளர் ரோஜர் பெய்ன் வெளியிட்ட இசைத்தட்டில் திமிங்கிலத்தைப் பற்றிய பாட்டு எதுவும் கிடையாது. கூனல் முதுகுத் திமிங்கிலங்களே பாடுகின்றன, அவ்வளவுதான். அதைக் கேட்டு ஒரு தலைமுறையே மனம் மாறியது. 1982-ல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் வணிக வேட்டையை நிறுத்தி வைக்க முடிவெடுத்ததற்கு அந்த மனமாற்றமும் ஒரு காரணம். இரண்டாவது, பெர்னி க்ராஸ் என்ற ஒலிப்பதிவாளர் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் செய்தது. லிங்கன் மெடோ என்ற இடத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம் வெட்டுவதற்கு முன்னால் 1988-ல் ஒருமுறையும், வெட்டிய பிறகு 1989-ல் ஒருமுறையும் பதிவு செய்தார். போட்டோவில் இரண்டும் ஒரே இடம் போலவே இருக்கும். ஒலியில் பறவைகள் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும் என்றால், எங்கள் ஏரியைப் பற்றிப் பாடுவதை விட்டுவிட்டு அதைப் பதிவு செய்து ஊருக்கே போட்டுக் காட்டலாம் என்று முடிவு செய்தோம்.

காற்றும் கல்லும்

சொன்னது சுலபம். முதல் மாதப் பதிவுகள் ஒன்றும் தேறவில்லை. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கணவாய்க் காற்று மைக்கில் பொதபொதவென்று மோதும். தவளையும் தெரியாது, மனிதக் குரலும் தெரியாது. கடையில் விற்கும் முடி வைத்த காற்றுத் தடுப்புறை வாங்க எங்களிடம் பணம் இல்லை. எட்டாவது படிக்கும் ஒரு பெண் தன் தம்பியின் கரடி பொம்மையை வெட்டி உறை தைத்துக் கொடுத்தாள். அது நன்றாகவே வேலை செய்தது. தம்பி ஒரு வாரம் பேசவில்லையாம்.

செல்போன் இன்னொரு தொல்லை. மனிதப் பேச்சைத் தெளிவாக்குவதற்காகப் பின்னணிச் சத்தத்தை அதுவாகவே குறைக்கும். நமக்கு வேண்டியதே பின்னணிதான். அந்த வசதியை அணைக்க முடிகிற, சுருக்காமல் வேவ் கோப்பாகச் சேமிக்கிற ஆப் தேடிப் போட்டோம். பிறகு ஓர் ஆராய்ச்சி மாணவர் ஆடியோமாத் என்ற சின்னக் கருவியை இரவல் தந்தார். உள்ளங்கையில் அடங்கும், மூன்று பென்சில் பேட்டரியில் ஓடும், எந்த நேரத்தில் எவ்வளவு நிமிடம் பதிய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஏரியோரப் பனையில் கட்டினோம்.

பையன்களுக்குப் பிடித்தது கிணற்று வேலைதான். ஊரில் பழைய திறந்த கிணறுகள் நிறைய உண்டு, பாதிக்கு மேல் பாழ். கிணற்று மேட்டில் போனை வைத்துப் பதியவிட்டு, கல்லைக் கையிலிருந்து விடும்போது 'விட்டேன்' என்று சொல்ல வேண்டும். அலை வரைபடத்தில் அந்தச் சொல்லுக்கும் கல் விழும் சத்தத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ஒரு நொடி என்றால் 16 அடி. ஒன்றரை நொடி என்றால் 36 அடி. இரண்டு நொடி என்றால் 64 அடி. ஒலி மேலே ஏறி வர எடுக்கும் நேரம் இந்த ஆழத்துக்குப் பெரிய கணக்கில்லை. பள்ளிக்கூட இயற்பியல் பாடம்தான், ஆனால் பாடப்புத்தகத்தில் கல் விழுந்த பிறகு வரும் சத்தத்தைப் பற்றி எழுதியிருக்காது. தண்ணீர் இருந்தால் 'ப்ளுக்' என்று வரும், அடியில் கொஞ்சம் எதிரொலிக்கும். சேறு என்றால் 'தொப்'. பாறை என்றால் 'டக்' என்று ஒரே அடி, கூடவே கிணறு முழுக்க ஓர் அதிர்வு. இந்த மூன்றையும் சுவரில் எழுதி ஒவ்வொரு கிணற்றுக்கும் எதிரே ஒரு குறி போட்டார்கள். 'டக்' பத்தி நீளமாகப் போயிற்று.

அதில் ஒரு கிணற்றுக்காரர், எண்பது வயதைத் தாண்டியவர், பையன்கள் கல் போடுவதைப் பார்த்துத் திட்டத்தான் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கிணற்றில் அவர் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டியிருக்கிறார். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடக்கயிறு இறுகும், உருளை கிரீச்சிடும், சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். அந்தத் தாளத்துக்கு ஒரு பாட்டு. அதைப் பாடச் சொன்னோம். முதலில் கூச்சப்பட்டார், பிறகு பாடினார். இடையிடையே எண்கள் வந்தன. கணக்கு மறக்காமலிருக்கப் பாட்டிலேயே எண்ணுவார்களாம், எத்தனை சால் இறைத்தோம், எந்தப் பாத்திக்கு எவ்வளவு போயிற்று என்பதெல்லாம் அதில் வந்துவிடும். ஏற்றப்பாட்டைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் எண்ணிக்கொண்டே இறைத்த ஒருவரின் குரலைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சுவிட்சைத் தட்டி மோட்டார் போடும்போது ஒரு மாதிரி இருந்தது. மோட்டார் எண்ணுவதில்லை.

அவரிடமிருந்தே தவளைக் கதையும் கிடைத்தது. ஒரு காலத்தில் ராத்திரியில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு ஆட்கள் வயலில் இறங்கிச் சாக்குச் சாக்காகப் பிடித்துப் போவார்கள். தவளைக்கால் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியான காலம். கேரளத்திலிருந்து நிறையப் போனது. 1987-ல்தான் அந்த ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பெரிய தவளைகள் போன வருடங்களில் வயலில் பூச்சி ஏறியது, மருந்தடிப்பும் ஏறியது என்று அவர் கணக்கு. "அப்ப ராத்திரியில தூங்க முடியாதுங்க அதுக கத்துறதுல. இப்ப தூங்க முடியலீங்க அதுக கத்தாம," என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

ஆடியோமாத் இரவு பூராவும் பதிந்ததைக் கேட்டபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. தவளை வகைகள் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே சுருதியில் கத்துவதில்லை. ஒன்று அடியில் கனமாக, ஒன்று நடுவில் கிரிக்கிரி என்று, அதற்கு மேலே பூச்சிகள். ஒன்றின் இடத்தில் இன்னொன்று வராது. மேளக்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு ஆச்சரியப்படவில்லை. செண்டைக்கும் இலைத்தாளத்துக்கும் கொம்புக்கும் இடம் ஒதுக்குவது போலத்தானே என்றார்கள். பெர்னி க்ராஸும் கிட்டத்தட்ட இதைத்தான் ஒரு கொள்கையாகச் சொல்கிறார். அந்த அடுக்கில் ஓர் இடம் காலியாக இருந்தால் மேளக்காரர் காதுக்கு உடனே தெரியும்.

மயில்

பதிவுகளில் அடிக்கடி வந்த சத்தம் மயில். சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் இயற்கை. பள்ளியில் போட்டுக் காட்டியபோது மயில் அகவியதும் கைதட்டினார்கள். பெரியவர்களுக்குப் போட்டபோது முனகினார்கள், விதைத்த காட்டை மயில் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும்.

1933-ல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் நடத்திய பறவைக் கணக்கெடுப்பில் மயில் பதிவாகவில்லை. எங்கள் சித்தூர் அப்போது கொச்சி சமஸ்தானத்தில்தான் இருந்தது. இன்று பாலக்காடு மாவட்டத்தில் சூலனூரில் மயிலுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. வறண்ட, திறந்த நிலத்தை விரும்பும் பறவை அது. கேரளத்தில் அது பரவுவதை நிலம் காய்வதற்கான அடையாளமாகப் பறவை ஆய்வாளர்கள் சிலர் பார்க்கிறார்கள். இதை எப்படிச் சொல்வது என்று தடுமாறினோம். மயில் கெட்டது என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடியாது, முருகன் வேறு நடுவில் நிற்கிறார். கடைசியில் ஒன்றும் சொல்லாமல் பதிவுகளை வரிசையாக மட்டும் போட்டோம்: பெரியவரின் கவலைப் பாட்டு, தவளைகள், மயில், அப்புறம் போர்வெல் போடும் போர் வண்டி.

பொறாட்டு இரவு

போர் வண்டி என்றால் இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். திருச்செங்கோட்டிலிருந்து வரும் ரிக். கம்ப்ரஸரின் ஓயாத உறுமல், அதற்குள் சுத்தியல் பாறையில் விழும் வேகமான அடி. கோடையில் இரவு பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் படுத்தால் ஏதோ ஒரு திசையிலிருந்து அது கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் பதிவுகளில் தவளையைவிட அதிக நேரம் இடம்பிடித்தது அதுதான்.

இதையெல்லாம் ஊர் முன்னால் வைக்க எங்களுக்குக் கிடைத்த வடிவம் பொறாட்டு நாடகம். பாலக்காட்டுப் பக்கத்தில் பாணர்கள் ஆடிவரும் கூத்து. அறுவடை முடிந்த வயலில் நடக்கும். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சும் பாட்டும். குறவன், குறத்தி, வண்ணான், வண்ணாத்தி என்று ஒவ்வொரு வேடமாக வரும். சோத்யக்காரன் என்று ஒருவர் எப்போதும் மேடையில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று குடைந்து குடைந்து கேட்பார். சினிமாவும் டிவியும் இதைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டன. பல வருடம் சோத்யக்காரனாக நின்ற ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். போய்க் கேட்டோம். வேடம் கட்டி வருகிற ஆளுக்குப் பதிலாகச் சத்தம் வரும், நீங்கள் அதைக் கேள்வி கேட்க வேண்டும். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: "அது திரும்பப் பேசுமா?" பேசும் என்றோம். இந்த முறை அவருக்கும் தப்புக் குழுவுக்கும் முதலில் பணத்தைப் பேசி, முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

ஸ்பீக்கர் பெட்டி வாடகைக்கு எடுக்கவில்லை. நான்கு சின்ன ஸ்பீக்கர்களைப் பனையடியிலும் வரப்பிலும் மறைத்து வைத்தோம், ஓடியது ஒரு கார் பேட்டரியில். நேரில் எவ்வளவு சத்தமாகக் கேட்குமோ அவ்வளவுதான் ஒலிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்கின்றன, இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. சுற்றுச்சூழல் விழா நடத்துகிறவர்கள்தான் இதை முதலில் மறப்பார்கள், நாங்களும் மறந்தவர்கள்தான்.

வறண்ட ஏரியின் உள்ளேயே ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்தோம். விளக்கு ஒன்றுதான். சோத்யக்காரர் நடுவில். இருட்டிலிருந்து கவலைப் பாட்டு வந்தது. "யாரப்பா அது, எண்ணிக்கிட்டே வர்றது? வட்டிக்காரனா?" என்று ஆரம்பித்தார். கூட்டம் சிரித்தது. பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்து தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்து கிணறு. "உனக்கு எத்தனை அடி ஆழம்?" என்று கேட்டார். கொஞ்ச நேர அமைதிக்குப் பிறகு 'டக்'. "பசிக்குதா?" 'டக்'. "ஊர்ல யாராச்சும் வந்து பார்த்தாங்களா?" அமைதி. இது எழுதி வைத்த வசனம் இல்லை, ஒத்திகையிலும் வந்ததில்லை. ஒலிக்கோப்பை இயக்கிய பையன் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுத்திக்கொண்டிருந்தான்.

தவளை வந்தபோது சோத்யக்காரர் பேசவே இல்லை. உட்கார்ந்து கேட்டார். அவர் பேசாததைப் பார்த்துக் கூட்டமும் கேட்டது.

பிறகு போர் வண்டி. தூரத்திலிருந்து மெதுவாகத் தொடங்கி, நான்கு ஸ்பீக்கரிலும் சுற்றிச் சுற்றி வந்தது. இங்கே நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. விவசாயிகள் சத்தத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "ஆறரை இஞ்சுங்க." "பாறையில போகுது." கொஞ்ச நேரத்தில் அடி மழுங்கியது. ஐந்தாறு குரல் ஒன்றாக, "தண்ணி பட்டுருச்சு!" தூசி சேறானால் சத்தம் மாறும் என்பது அவர்களுக்கு உடம்பிலேயே தெரியும். எங்களைவிடப் பெரிய ஒலிக்கலைஞர்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒருவர் எழுந்து போனார். செருப்பைக்கூடப் போடாமல் கரையேறி நடந்தார். மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மூன்று போர் போட்டிருக்கிறார், மூன்றிலும் புகைதான் வந்தது. "எல்லாரும் தண்ணி பட்டுருச்சுன்னு கத்துறாங்க. எனக்கு அந்தச் சத்தம் ஒருநாளும் மாறலீங்க தம்பி. அதுக்குத்தான் இன்னும் வட்டி கட்டிட்டிருக்கறேன்," என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் காப்பி கொடுத்தார். கலை நிகழ்ச்சியில் படம் காட்டும்போது முன்கூட்டி எச்சரிக்கிறார்கள், சத்தத்துக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லை. காதை மூடிக்கொள்ள இமை கிடையாது என்பதை மறந்துவிட்டு, அதையே ஒரு பலமாக நினைத்துக்கொண்டிருந்தோம். அடுத்த முறை போர் வண்டிப் பதிவைப் போடுவதற்கு முன் சோத்யக்காரரே சொல்லிவிடுவார் என்று வைத்தோம்: "அடுத்து வர்றவன் சத்தக்காரன், வேண்டாதவங்க கரைப்பக்கம் போய் வெத்தல போட்டுட்டு வாங்க."

கடைசியில் மழைச்சோறு. மழை பொய்த்தால் பெண்கள் வீடு வீடாகச் சோறு வாங்கிச் சேர்த்து, பாடி, ஒப்பாரி வைத்து அழும் வழக்கம் கொங்கு நாட்டில் உண்டு. எங்கள் பக்கமும் இருந்தது. அதன் பாட்டு தெரிந்த நான்கு பெண்கள் கிடைத்தார்கள், எல்லோரும் தொழிலுறப்பு (ஊரக வேலை உறுதித் திட்ட) வேலைக்குப் போகிறவர்கள். மேடை நிகழ்ச்சியாகப் பாடமாட்டோம், அது நிஜமாக மழை வேண்டும்போது பாடுவது, சும்மா பாடினால் ஆகாது என்றார்கள். நாங்கள் வற்புறுத்தவில்லை. அந்த இடத்தில் பத்து நிமிடம் வெறுமனே இருட்டில் உட்கார்ந்தோம். காற்று பனையோலையை அசைத்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு

அந்த இரவு முடிந்தபின் நடந்தவற்றில் சில உருப்படியானவை. கிராம சபையில் கிணற்றுப் பட்டியலைப் படிக்காமல், சத்தமாகவே போட்டோம். ஒவ்வொரு 'டக்'குக்கும் யார் கிணறு என்று கூட்டத்திலிருந்தே குரல் வந்தது. ஏரி தூர்வாருவது தொழிலுறப்புப் பட்டியலில் சேர்ந்தது. பாடமாட்டோம் என்ற பெண்கள்தான் முதலில் மண்வெட்டியோடு வந்தார்கள். ஒரு பக்கம் வெட்டியாயிற்று. நீர்வரத்து வாய்க்கால் மட்டும் ஒரு காம்பவுண்டுச் சுவருக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, அது இன்னும் திறக்கவில்லை. அதற்கு ஒலிக்கலை போதாது, சர்வேயர் வேண்டும்.

போர் போடுவது நின்றதா? இல்லை. அடுத்த கோடையிலேயே இரண்டு வண்டி வந்தது. அதில் ஒன்றைக் கூப்பிட்டவர் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து 'ஆறரை இஞ்சு' என்று சொன்னவர்தான். ஆனால் போடுவதற்கு முன்னால் வந்து, பக்கத்துத் தோட்டத்துப் பழைய கிணற்றில் மழைத்தண்ணீரை இறக்கினால் ஊறுமா என்று விசாரித்துவிட்டுப் போனார். கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பியவர்கள் சிலர் உண்டு. திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டி ஒரு வருடம் குறைந்தது, மறு வருடம் பழையபடி ஏறிவிட்டது.

செலவில் பெரும்பகுதி கலைஞர்களின் சம்பளம். அதற்கடுத்து பேட்டரி. கரடி பொம்மைக்குப் பதில் புதுப் பொம்மை வாங்கிக் கொடுத்தோம், அதையும் கணக்கில் எழுதியிருக்கிறது.

இப்போது வாயனசாலையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இரவில் கேட்டதை எழுதலாம். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிறார்கள், சில சமயம் டீக்கடைக்காரர். போன மழைக்காலத்து ஒரு பக்கத்தில், பென்சிலில்:

"இரவு 9.10. தூறல். தேரை 1. பெரிய தவளை இல்லை. போர் வண்டி 1, வடக்குப் பக்கம்."

அதற்குக் கீழே நீல மையில், பெரியவர் ஒருவரின் கையெழுத்து:

"போர் வண்டி இல்லை கண்ணு. அது குவாரி லாரி மேடு ஏறுற சத்தம். நல்லாக் கேளு."

அதற்கும் கீழே மறுபடி பென்சிலில்: "கேட்டேன். ரெண்டும் இருந்துச்சு."